ரசீதில் ஒரு வரி



போன இதழில் வற்றல், வடகம் போடுவது பற்றிப் பேசினோம். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வரப்போகிறோம். ரொம்ப தூரம் இல்லை, தெருக்கோடியில் இருக்கிற நூலகம் வரைக்கும்தான். "நூலகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும், பேப்பர் பார்க்கிற பெரியவர்களும் போகிற இடமாச்சே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் என் நினைப்பு மாறியது. அதற்கு நானே காரணமாக இருந்தேன் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். தலைப்பிரசவம். பெற்ற தாய் தொலைவில் இருக்கிறார், மாமியார் இல்லை. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, செல்போனைத் திறந்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் தேன் கொடுங்கறார், ஒருத்தர் கூடாதுங்கறார். எதை நம்பறதுன்னே தெரியலே" என்று கண் கலங்கினாள். என் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. "இரு, ஒரு நல்ல புத்தகமா எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன்.

குழந்தை வளர்ப்பு பற்றி அங்கே இருந்தது ஒரே ஒரு புத்தகம். அட்டை போய், காலிகோ ஒட்டி, பைண்டு பண்ணியிருந்தார்கள். எழுதியவர் டாக்டர், அதனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவந்து கொடுத்தேன். நான்காவது மாதத்திலேயே கஞ்சி, கூழ் ஆரம்பிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. அவளும் அப்படியே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, துளித் துளியாக ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நல்லவேளை, மூன்று நாளில் சரியாகிவிட்டது. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "ஆறு மாசம் முடியறவரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணிகூட வேண்டாம். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்" என்று பொறுமையாகச் சொன்னார். "புத்தகத்துல நாலு மாசம்னு போட்டிருந்ததே டாக்டர்?" என்று நான் முனகினேன். "அந்தப் புத்தகம் எந்த வருஷத்துதும்மா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் புரட்டினேன். அச்சான வருஷம் 1978!

அந்தப் புத்தகத்தை எழுதிய டாக்டர் மேல் தப்பு இல்லை. அந்தக் காலத்தில் நான்கு மாதம் என்றுதான் பலரும் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுரையை மாற்றிக்கொண்டது 2001-ல். அறிவுரை மாறிவிட்டது, நூலகத்து அலமாரி மட்டும் மாறவில்லை.

நம் பணம் அது!

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மனசு ஆறாமல் நூலகரிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "சார், இவ்வளவு பழைய புத்தகத்தை வைச்சிருக்கீங்களே, புதுசு வாங்க மாட்டீங்களா?"

அவர் பதறவில்லை. "உட்காருங்கம்மா. இதுவரைக்கும் இப்படி ஒரு புத்தகம் வேணும்னு யாராவது வந்து கேட்டிருந்தா நானும் எழுதிப் போட்டிருப்பேன். ஒருத்தரும் கேட்கலியே! நீங்க கட்டற வரியிலேதானே வாங்கறோம், நீங்க கேட்கலாமே" என்றார்.

வரியா? நான் எப்போது நூலகத்துக்கு வரி கட்டினேன்? வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் பொடி எழுத்தில் 'நூலக வரி' என்று இருக்கிறது! ரூபாய்க்கு 10 பைசா. எங்கள் வீட்டுக்கு அரை வருஷத்துக்கு 900 ரூபாய் சொத்து வரி என்றால், நூலகத்துக்கு மட்டும் தனியே 90 ரூபாய். வருஷத்துக்கு 180. இருபது வருஷமாக ரசீதை வாங்கி மடித்து வைத்தேனே தவிர, ஒரு நாளாவது படித்துப் பார்த்தேனா? கறிவேப்பிலைக்குக் கொடுத்த ஐந்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிற நாம், இதற்குக் கேட்கவில்லை.

வாடகை வீட்டில் இருக்கிற சகோதரிகள், 'நமக்கு இது இல்லை' என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் கட்டுகிற வரி, நீங்கள் கொடுக்கிற வாடகைக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததில்லை. மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி நூலகத்துக்கென்று சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். இதற்காகப் பல வருஷம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத்தையே ஒரு சாஸ்திரமாக்கிக் காட்டினார். சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்போது கல்வி மந்திரியாக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம். பின்னாளில் கோவையில் பெண்களுக்கென்று மனையியல் கல்லூரி ஏற்படுத்தினாரே, அவரேதான். நூலகம் யார் தயவிலும் நிற்கக் கூடாது, ஊர் மக்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் வீட்டு வரியோடு இதையும் சேர்த்தார்கள்.

புத்தகம் எப்படி வந்து சேர்கிறது?

நூலகர் எனக்கு விளக்கிச் சொன்னதை, நம் வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி சுருக்கமாகச் சொல்கிறேன்.

வரியை வசூல் செய்வது நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சிகள். ஆனால் அவர்களே புத்தகம் வாங்குவதில்லை. வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிப்பவர்கள் பணத்தை மூத்தவளிடம் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் உள்ளாட்சி அந்தப் பணத்தைக் கொடுக்கத் தாமதிப்பதும் உண்டு. அப்போது நூலகத்தின் பாடு, சம்பளம் வராத மாதத்துக் குடும்பம் மாதிரிதான். புத்தகம், பேப்பர், வாடகை, மின்சாரம் எல்லாம் இந்தப் பணத்தில் நடக்க வேண்டியவை.

தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று பெரிசும் சிறிசுமாக. ஒவ்வொன்றும் தனித்தனியே கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கினால் விலையும் கட்டாது, கணக்கும் நிற்காது. அதனால் பெரும்பாலான புத்தகங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள். சென்னையில் இருக்கும் பொது நூலக இயக்ககம் அறிவிப்பு விடும். பதிப்பகத்தார் தங்கள் புத்தகத்தின் மாதிரிப் பிரதியோடு விண்ணப்பிப்பார்கள். இப்போது இணைய வழியாக விண்ணப்பிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் பதிப்பகத்தார் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1954-ல் வந்த சட்டப்படி, நம் நாட்டில் அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைச் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். கல்கத்தா, பம்பாய், டில்லியிலும் ஒவ்வொரு நூலகத்துக்கு இப்படிக் கொடுக்க வேண்டும். கன்னிமாராவில் கொடுத்ததற்கான ரசீது இருந்தால்தான் இங்கே விண்ணப்பம் செல்லும்.

வந்த புத்தகங்களை ஒரு தேர்வுக் குழு பார்த்துப் பட்டியல் போடுகிறது. விலை விஷயத்தில் ஒரு சூட்சுமம். அட்டையில் போட்டிருக்கிற விலையை அப்படியே கொடுத்துவிட மாட்டார்கள். பதினாறு பக்கம் கொண்டது ஒரு ஃபாரம். பல வருஷமாக ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று அரசு ஒரு விலை வைத்திருந்தது. அதன்படிக் கணக்குப் போட்டுத்தான் பணம் கொடுத்தார்கள். துணிக்கடையில் முழம் போட்டு அளந்து வாங்குகிற மாதிரி! ஒரு புத்தகம் தேர்வாகிவிட்டால் நூற்றுக்கணக்கில் வாங்குவார்கள். அந்த ஆர்டரை நம்பியே பல சின்னப் பதிப்பகங்கள் பிழைக்கின்றன.

வாங்கிய புத்தகங்கள் மாவட்டத்துக்கு வந்து, பிரிந்து, நம் ஊர்க் கிளைக்கு வரும். இங்கே பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, நம்பர் போட்டு அலமாரியில் வைப்பார்கள். இதெல்லாம் முடிவதற்கு வருஷம் ஒன்றோ இரண்டோ ஓடிப்போவதும் உண்டு. இது தவிர, 1972-ல் ஆரம்பித்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை என்று மத்திய அரசின் அமைப்பு ஒன்று கல்கத்தாவில் இருக்கிறது. மாநிலமும் அதுவும் பங்கு போட்டுக்கொண்டு வாங்கும் புத்தகங்களும் நம் நூலகங்களுக்கு வருகின்றன.

"இத்தனை பேர் கை மாறி வருதே சார், இதுல எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு என்ன வேணும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நான் எழுதினாத்தான் மேலே தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற பசங்க தினம் வந்து கேட்கறாங்க. அவங்க அலமாரியைப் பாருங்க, நிறைஞ்சு கிடக்கு" என்றார். திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

நாங்கள் செய்தது

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை தோறும் பத்துப் பெண்கள் கூடுவோம். அந்த வாரம் இதைத்தான் பேசினோம். முதலில் ஒருத்தி, "நமக்கு எங்கே நேரம்?" என்றாள். இன்னொருத்தி, "நூலகத்துல உட்கார்ந்தா ஆம்பளைங்க முறைச்சுப் பார்ப்பாங்க" என்றாள். குழந்தைக்காரி மட்டும் பேசாமல் இருந்தாள். கடைசியில், "அன்னிக்கு அது புதுப் புத்தகமா இருந்திருந்தா என் குழந்தை அந்த மூணு நாள் கஷ்டப்பட்டிருக்காது" என்று மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் நேரம் இல்லை என்று சொல்லவில்லை.

ஏழு பேர் சேர்ந்து போனோம். உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் சிறு தொகை கட்டி வாங்கிக்கொண்டார்கள். நூலகரிடம் இருந்த வாசகர் கோரிக்கை நோட்டில் எழுதினோம். வெறுமனே 'நல்ல புத்தகம் வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை என்றார். மளிகைக் கடையில் 'நல்ல பருப்பு' என்று கேட்டால் எதைக் கொடுப்பான்? துவரம் பருப்பு ஒரு கிலோ என்று சொல்ல வேண்டாமா? அதனால் கைக்குழந்தைப் பராமரிப்பு, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கான சமையல், மாதவிலக்கு நிற்கிற வயதில் வரும் உடல் உபத்திரவங்கள், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான படக் கதைகள் என்று விஷயத்தை வகையாகப் பிரித்தோம். தெரிந்த இடத்தில் புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், வருஷம் எல்லாம் குறித்தோம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் பொய். குழந்தைப் பராமரிப்புப் புத்தகம் ஒன்று மாவட்ட மைய நூலகத்தில் இருந்ததை ஒரு மாதத்தில் வரவழைத்துக் கொடுத்தார். நாலு மாதம் கழித்து வந்த கட்டில் படக் கதைகளும் சமையல் புத்தகம் ஒன்றும் இருந்தன. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கான புத்தகம் இன்னும் வரவில்லை. போன மாதம் மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறோம்.

அந்த 1978-ஆம் வருஷத்துப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டார். நூலகத்தில் ஒரு புத்தகத்தை நினைத்தபோது தூக்கிப் போட முடியாது, பதிவேட்டில் கழிவு செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும். ஆனால், "இது பழசு, ஆபத்து" என்று சொல்ல வாசகர்களால்தான் முடியும். கதைப் புத்தகம் எத்தனை பழசானாலும் ருசி மாறாது. மருத்துவப் புத்தகம் அப்படி இல்லை. அது பால் மாதிரி, தேதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டு வரி ரசீதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நூலக வரி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். உரிமையோடு பேச அந்தத் தொகையே தைரியம் கொடுக்கும்.

மாதத்தில் ஒரு நாளாவது குழந்தைகளோடு நூலகத்துக்குப் போங்கள். புத்தகம் எடுத்து வாருங்கள். எந்தப் பிரிவில் புத்தகம் அதிகமாக வெளியே போகிறது என்பதை நூலகத்தில் கணக்கு வைக்கிறார்கள். நீங்கள் எடுத்தால் அந்தக் கணக்கில் நீங்களும் சேருவீர்கள்.

உடல்நலம், குழந்தை வளர்ப்பு, மருந்து பற்றிய புத்தகம் என்றால் முதல் பக்கத்தைப் புரட்டி வருஷத்தைப் பாருங்கள். பழசாக இருந்தால் நூலகரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவையோ கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அங்கே கொடுக்கிற தாய் சேய் நலப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு படியுங்கள். இதையெல்லாம் நான் அன்றைக்குச் செய்திருந்தால், பாவம், அந்தக் குழந்தைக்கு அந்த அவஸ்தை இல்லை.

எல்லா நூலகத்திலும் வாசகர் வட்டம் வைத்துக்கொள்ளலாம். அதில் பெண்களும் சேரலாம். எங்கள் ஊரில் இத்தனை நாள் அதில் ஒரு பெண்கூட இல்லை. இப்போது மூன்று பேர் இருக்கிறோம்.

வசதி இருப்பவர்கள் 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம். தனியாக முடியாவிட்டால் சீட்டுப் பிடிப்பது போல நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு, ஒருவர் பெயரில் கட்டலாம். புத்தகம் நன்கொடை கொடுப்பதானால் நல்ல நிலையில் இருப்பதைக் கொடுங்கள். பரணில் கரையான் தின்ற பழைய மருத்துவப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அந்த 1978-ஆம் வருஷத்துப் புத்தகமும் அப்படி வந்ததுதானாம்!

ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற உயிர் போன்றது என்பதும் அவற்றில் அடக்கம். வளர்கிற உயிருக்கு வேளாவேளைக்குப் புதுச் சோறு வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு வயது ஆகிவிட்டது. போன வாரம் அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு நூலகத்துக்கு வந்தது. புதிதாக வந்த படக் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், நேரே வாயில் வைத்துக்கொண்டது! நூலகர் சிரித்துக்கொண்டே, "அதுவும் வரி கட்டியிருக்கே, கடிக்கட்டும்" என்றார். ஆனாலும் அவசரமாகப் பிடுங்கித் துடைத்து வைத்துவிட்டோம். அடுத்த குழந்தைக்கு வேண்டுமே!

உங்கள் ஊர் நூலகத்தில் நீங்கள் கேட்டு வாங்கிய புத்தகம் எது, கேட்டும் வராதது எது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு அரிசி, பருப்பைப் பூச்சி அண்டாமல் காப்பது பற்றிப் பேசுவோம்.